நாலாம் நாள் தண்ணீர்

மொக்கையன் பிறந்து வளர்ந்தது கரட்டுப்பட்டியில். சிலமலைக்கு மேற்கே, மலையின் காலடியில் அறுபது எழுபது வீடுகள் கொண்ட ஊர். அவரைப் பற்றி ஊரில் யாரும் தனியாகப் பேசியதில்லை. பேசும்படி அவர் எதையும் செய்ததுமில்லை, ஒரே ஒரு காரியத்தைத் தவிர. அந்த ஒன்றையும் ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் அவரைக் கடைசிவரை அரித்தது.

இருபது வயதில் ஏலத்தோட்டத்துக்குப் போனார். போடிமெட்டு ரோட்டில் ஒரு வளைவில் லாரி நின்று மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து தோட்டத்துக்கு ரோடு கிடையாது. ஆள் நடந்து நடந்து விழுந்த தடம்தான். சும்மாட்டின்மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு நடை. மூட்டைக்குள் சாம்பல் நிறத்தில் குருணை. சாக்கின்மேல் ஏதேதோ எழுதியிருந்தாலும் தோட்டத்தில் எல்லோரும் அதை 'வளம்' என்றே சொன்னார்கள். உரத்துக்கு மலையாளத்துக் கங்காணி சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். வேர்வையோடு கழுத்தில் ஒழுகினால் எரியும். அதைத் தவிர அதைப் பற்றி மொக்கையனுக்கு ஒன்றும் தெரியாது.

வைகாசிக் கடைசியில் மேற்கே மேகம் கூடியதும் கங்காணிக்குக் கால் தரையில் பாவாது. மழைக்கு முன்னால் வளம் விழுந்தாக வேண்டும். தூரைச் சுற்றிக் கொத்திவிட்டு, போட்டு, மண்ணை இழுத்து மூடவேண்டும் என்பது முறை. அத்தனை சரிவிலும் கொத்திக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கை கொண்ட மட்டும் அள்ளி, விதை விதைப்பதுபோல வீசிக்கொண்டே போவார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ மழை வரும். காலையில் போய்ப் பார்த்தால் தூரடியில் குருணை இருக்காது. செடி தின்றுவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். மொக்கையனும் அப்படித்தான் நினைத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலில் ஒரு மூட்டையோடு வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. எண்ணெய் போட்டுக் கட்டினார்கள். நடக்க வந்தது, சுமக்க வரவில்லை. பதினெட்டு வருசம் மலையில் இருந்தவர் ஊருக்கு இறங்கிவந்தார். கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயல், வீட்டில் மனைவி பேச்சி, பேச்சியின் எருமை. பிள்ளைகள் இல்லை. எருமைக்குப் பேச்சி பெயர் வைக்கவில்லை, ஆனால் அதனோடு பேசாத நேரமும் இல்லை. பால் கறக்கும்போது ஊர்க்கதை முழுவதையும் அதற்குச் சொல்லிவிடுவாள்.

கரட்டுப்பட்டிக் கிணறுகள் எல்லாம் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்க, பொங்க, மாடு குளிப்பாட்ட, எல்லாவற்றுக்கும் செங்கண்மாய்தான். செங்கண்மாய்க்கு ஊத்தோடைதான். ஊத்தோடை பிறப்பது மொக்கையன் மூட்டை சுமந்த அதே சரிவில்.

அவர் இறங்கிவந்த மூன்றாவது வருசம் கண்மாயின் ஓரங்களில் பச்சை படிந்தது. பாசி என்றார்கள். அடுத்த வருசம் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போனது. அது பாசிபோலக் கொடிகொடியாக இல்லை. சுவருக்கு அடிக்கும் பச்சை வர்ணத்தைக் கலக்கி ஊற்றியதுபோல இருந்தது. காற்று ஒரு பக்கமாக அடித்தால் அந்தப் பக்கம் தடித்து ஏடு கட்டும். வெயில் ஏறினால் நாற்றம். குளித்தவர்களுக்கு உடம்பு தடித்தது. வயிற்றுப்போக்கு வீட்டுக்கு வீடு வந்துபோனது. எண்பத்தொன்றில் காற்று ஓய்ந்த ஒரு மத்தியானம், தண்ணீர் குடித்துவிட்டுக் கரையேறிய பேச்சியின் எருமை இருபது எட்டு வைப்பதற்குள் முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது. எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு இன்னும் நாலு மாடுகள்.

ஊர்ப் பெரியவர் கோட்டைச்சாமி, மொக்கையனுக்கு மைத்துனன் முறை, மனு எழுதினார். மலைத்தோட்டத்தில் தெளிக்கிற மருந்துதான் வந்து விழுகிறது என்று எழுதினார். ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஐந்து மனு. ஐந்தாவது மனுவுக்கு இரண்டு வருசம் கழித்து ஆள் வந்தது.

வந்தவன் ராஜாராம். இருபத்தாறு வயது. மதுரைப் பக்கம் ஒரு மண் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலை. மருந்தல்ல, பெரும்பாலும் உரமாக இருக்கும் என்றான். உரத்தில் மணிச்சத்து என்று ஒன்று உண்டு. அது மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மண் கரைந்து வரும்போது கூடவே வந்து கண்மாயில் உட்கார்ந்து பச்சையை வளர்க்கும். அப்படித்தானா என்று பார்க்கத்தான் திட்டம். போடியைச் சுற்றி மலையிலிருந்து இறங்கும் ஆறு ஓடைகளை எடுத்திருந்தார்கள். எந்த ஓடையின் நீர்ப்பிடிப்பில் ஆபத்து அதிகம், எதில் நடுத்தரம், எதில் குறைவு என்று இரண்டு வருசம் பார்த்து அறிக்கை போகும். அதிகம் என்று வந்துவிட்டால் ஓடைக்கு இரண்டு பக்கமும் குறிப்பிட்ட தூரத்துக்குத் தோட்டக்காரர்கள் உரம் போடக் கூடாது. ஊருக்கும் வேறு இடத்திலிருந்து குழாய் வரும். கோட்டைச்சாமி அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஓடைக்கு ஓர் உள்ளூர் ஆள் வேண்டும் என்றான் ராஜாராம். ஊத்தோடையின் வளைவு நெளிவு மொத்தமும் தெரிந்தவர் மொக்கையன்தான் என்று ஊர் காட்டியது. மூன்றாவது வரை படித்திருந்ததால் தேதி எழுத வரும். முழங்கால் போனாலும் வெறுங்கையோடு மலை ஏறத் தடையில்லை.

முதல் மாதம் இரண்டு பேரும் சேர்ந்தே சரிவுகளைச் சுற்றினார்கள். ராஜாராம் ஒவ்வொரு சரிவுக்கும் மதிப்பெண் போட்டான். எவ்வளவு செங்குத்து, என்ன மண், எத்தனை மூட்டை விழுகிறது, மூடுகிறார்களா வீசுகிறார்களா, ஓடை எத்தனை அடி தள்ளி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கி ஓர் எண்.

"பொருத்தம் பாக்குற மாதிரில்ல இருக்கு, சார்" என்றார் மொக்கையன்.

"அதே கணக்குத்தாண்ணே. என்ன, இதுல எத்தனை பொருந்துதோ அத்தனை கேடு."

மூட்டைக் கணக்கை மொக்கையன்தான் சொன்னார். எந்தச் சரிவில் எத்தனை, எந்த மாதத்தில், யார் வீசியது. சொல்லச் சொல்ல அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பதினெட்டு வருசத்தில் தன் தலை வழியாகப் போன மூட்டைகள் இப்போது கண்மாயில் பச்சையாக மிதக்கின்றனவோ என்று ஒரு பாறைமேல் உட்கார்ந்து கேட்டார். ராஜாராம் இல்லை என்று சொல்லவில்லை. ஊத்தோடைக்கு அவன் போட்ட மதிப்பெண் ஆறு ஓடைகளிலும் அதிகம்.

ஆனால் மதிப்பெண் மட்டும் போதாது. மதிப்பெண் சரிதான் என்று தண்ணீர் சொல்ல வேண்டும். அதற்கு மொக்கையன் ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலையில் நாலு இடத்தில் நாலு பாட்டிலில் தண்ணீர் எடுக்க வேண்டும். தோட்டத்து எல்லையில் ஒன்று, இலவமரத் தோப்புக்கு மேலே ஒன்று, தோப்புக்குக் கீழே ஒன்று, கண்மாயில் ஓடை விழும் வாயில் ஒன்று. ஓடைக்குள் இறங்கி, நடுத்தண்ணீரில் பாட்டிலை முக்கி, தேதி எழுதிய தாளை ஒட்டி, மத்தியானத்துக்குள் போடியில் ராஜாராம் எடுத்திருந்த அறையில் சேர்த்துவிட வேண்டும். அவன் அதை ரயிலில் மதுரைக்குக் கொண்டுபோவான். இன்னொன்றும் சொன்னான். காய்ந்து கிடக்கும் ஓடையில் முதல் வெள்ளம் வரும் அன்று, அது என்ன கிழமையாக இருந்தாலும், அன்றைக்கே தனியாக நாலு பாட்டில் எடுத்துவைக்க வேண்டும். அன்றைக்கே என்பதை அழுத்திச் சொன்னான். மொக்கையன் தலையை ஆட்டினார்.

அந்த ஆனியில் ஒரு திங்கட்கிழமை ஊத்தோடையில் புதுத்தண்ணீர் வந்தது.

கரட்டுப்பட்டியில் புதுத்தண்ணீரில் யாரும் கால் வைப்பதில்லை. காய்ந்த ஓடை முதல் முதலாக வரும்போது செக்கச்செவேல் என்று வரும். ஓடை விலக்காக இருக்கிறாள் என்று அர்த்தம். மூன்று நாளைக்கு அவள் ஒதுங்கியிருக்க வேண்டும்; யாரும் இறங்கக் கூடாது, குடம் முக்கக் கூடாது, மாட்டைக்கூட விடுவதில்லை. வீடுகளில் முன்கூட்டியே பானைகளில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நாலாம் நாள் விடிந்ததும் சுமங்கலிகள் இரண்டு பேர் போய் மஞ்சள் கரைத்து அருகம்புல்லும் விடுவார்கள். அதற்குள் தண்ணீரும் தெளிந்திருக்கும். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. நெருப்பில் கை வைக்கக் கூடாது என்பதுபோல அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மொக்கையன் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போகத்தான் செய்தார். தோட்டத்து எல்லையில் ஓடைக்கரையில் நின்றார். சுற்றிலும் ஆள் இல்லை. இறங்கினால் கேட்பவர் இல்லை. தண்ணீர் சிவப்பாக, இலையும் குச்சியும் நுரையுமாக உருண்டு போனது. வேட்டியை மடித்துக் கட்டினார், பிறகு அவிழ்த்துவிட்டார். ஆத்தா ஒதுங்கியிருக்கும்போது கை நீட்டுவதா? கால் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.

வியாழக்கிழமை நாலாம் நாள். பெண்கள் மஞ்சள் கரைத்துவிட்டு வந்தபின் போனார். தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. எட்டுப் பாட்டில்களிலும் அதையே பிடித்தார். நாலில் வியாழக்கிழமைத் தேதி. நாலில் திங்கட்கிழமைத் தேதி. எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. அப்புறம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஓடை அதே ஓடைதானே. மதுரையிலிருந்து கேட்கிறவர்களுக்குக் கலங்கல் தண்ணீரைப் போய்க் கொடுப்பதா? விருந்தாளி வந்தால் தெளிந்த தண்ணீரைத்தானே மொண்டு கொடுக்கிறோம்? நல்லதாகக் கொடுத்ததில் அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

ஐப்பசியிலும் அப்படியே. மறு வருசம் ஆனியிலும், ஐப்பசியிலும். இரண்டு வருசத்தில் நாலு புதுத்தண்ணீர்; நாலு தடவையும் நாலாம் நாள். இடையில் நூறு வியாழக்கிழமைகள் ஒரு நாள் தவறாமல் போனார். காய்ச்சலோடு போனார். பேச்சியின் தம்பி செத்த வாரத்தில் எடுத்துவிட்டு வந்த பிறகே இழவுக்குப் போனார். ஓடை வற்றிக் குட்டையாக நின்ற மாதங்களில் பாறை இடுக்கில் படுத்துக்கொண்டு பாட்டிலை நிரப்பினார். இத்தனை ஒழுங்கான ஆள் வேறு எந்த ஓடையிலும் இல்லை என்று ராஜாராம் நிலையத்தில் சொல்லிக்கொள்வானாம். கோட்டைச்சாமி வழியில் பார்த்தால் குழாய் எதுவரை வந்திருக்கிறது மாப்ளே என்று கேலி செய்வார். மொக்கையன் சிரித்துக்கொண்டே பாட்டில் பையைத் தூக்கிக் காட்டுவார். அந்தப் பையில் ஊரையே சுமக்கிற நினைப்பு அவருக்கு.

எண்பத்தைந்து மே மாதம், அறையைக் காலி செய்யப்போவதாகச் சொல்லி ராஜாராம் அவரை வரச் சொன்னான். புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். முகம் நன்றாக இல்லை. டீ வாங்கிக்கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். அறிக்கை போய்விட்டது. ஊத்தோடை 'ஆபத்து குறைவு' என்ற பட்டியலில் போய்விட்டது.

மொக்கையனுக்கு உடனே விளங்கவில்லை. அத்தனை பொருத்தமும் அதில்தானே அதிகம் என்றார்.

ராஜாராம் அதைத்தான் சொல்லிச் சண்டை போட்டதாகச் சொன்னான். பெரிய அதிகாரி கேட்கவில்லை. மதிப்பெண் நீ உட்கார்ந்து போட்டது, தண்ணீர் தானாக வந்தது, இரண்டில் எதை நம்பச் சொல்கிறாய் என்று கேட்டாராம். தண்ணீரில் மணிச்சத்து கண்ணுக்கே தெரியாத அளவுதான் இருந்தது. சாதாரண நாட்களில் அது எல்லா ஓடையிலும் அப்படித்தான். அது பெரிய விஷயமில்லை. முதல் வெள்ளத்தில் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். வருசம் முழுவதும் வருவதில் பெரும்பங்கு அந்த முதல் ஒன்றிரண்டு நாள் செந்தண்ணீரில் வந்துவிடும். மற்ற ஓடைகளில் அன்றைக்கு எண் எகிறி நிற்கிறது. ஊத்தோடையில் மட்டும் வெள்ளத்தன்றும் ஒன்றுமே இல்லை. அதுதான் அவனுக்குப் புரியவில்லை.

மொக்கையன் கையில் இருந்த டீயைக் குடிக்கவில்லை. வர்றேன் சார் என்று எழுந்து போனார். பஸ் ஸ்டாண்டில் சிலமலை பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் ஊதியதும் இறங்கிவிட்டார். திரும்ப அறைக்கு வந்தபோது ராஜாராம் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"அது வெள்ளத்தண்ணி இல்ல, சார். நாலு தடவையும் நாலாம் நாத்தான் பிடிச்சேன். தேதிய மாத்திப் போட்டேன்."

ஏன் என்று ராஜாராம் கேட்டான். மொக்கையன் சொன்னார். ஒரு பெண்பிள்ளை விஷயத்தை இன்னொரு ஆணிடம் சொல்வதுபோலக் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

ராஜாராம் பாயை விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். இதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்றான். இல்லை என்றார். அடுத்த மாதம் அவன் வேலை நிரந்தரமாக வேண்டும். இந்த அறிக்கையில் அவன் கையெழுத்து இருக்கிறது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னான்.

"திங்கக்கெழமை வெள்ளத்துக்கும் வியாழக்கெழமைத் தெளிவுக்கும் ஒரே எண்ணு. அன்னைக்கே பாத்தேண்ணே. எப்படி இருக்கும்னு ஒரு வார்த்தை உங்ககிட்டக் கேட்டிருக்கணும். நான் கேக்கல."

திருத்தி எழுத முடியாதா என்று மொக்கையன் கேட்டார். திட்டம் முடிந்துவிட்டது என்றான் அவன்.

ஆவணியில் ஊருக்குக் கடிதம் வந்தது. ஊர்கூடும் மந்தையில் ஆட்களைக் கூட்டிக் கோட்டைச்சாமி படித்தார். ஊத்தோடை நீர்ப்பிடிப்பில் உரத்தால் வரும் ஆபத்து குறைவு. கண்மாய் கெட்டதற்கு மாடுகளைக் குளிப்பாட்டுவதும் கரையை அசுத்தம் செய்வதும் காரணமாக இருக்கலாம். ஊரார் சுகாதாரம் பேண வேண்டியது. அவ்வளவுதான் கடிதம். படித்து முடித்தபின் யாரோ, எருமை தன் சாணியைத் தின்று செத்ததாக்கும் என்றார்கள். நாலு பேர் சிரித்தார்கள்.

மொக்கையன் எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் எழுந்து நிற்பது அதுதான் முதல் தடவை. நடந்ததைச் சொன்னார். சுருக்கமாக, எதையும் மறைக்காமல். ஊர் தன்மேல் பாயும் என்று எதிர்பார்த்தார். அதற்காகவே சொன்னார் என்றும் சொல்லலாம். ராஜாராமிடம் சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

யாரும் பாயவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுல நீ என்ன மாப்ளே தப்பு பண்ணிட்ட?" என்றார் கோட்டைச்சாமி. "வெலக்கா இருக்கவ மேல கைய வைய்யினு அவன் சொல்லுவான். அவனுக்கென்ன, டவுன்காரன். நீ வைப்பியா?"

மொக்கையன், அதனால்தான் குழாய் வரவில்லை என்றார். இன்னும் உரக்கச் சொன்னார். செங்கண்மாயைக் கெடுத்ததே தான்தான் என்கிற மாதிரிச் சொன்னார். அவர்கள் அவரைச் சமாதானப்படுத்தினார்கள். சர்க்காருக்குக் கொடுக்க மனமில்லை, எந்தத் தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்றார் ஒருவர். தோட்டத்து முதலாளி அதிகாரியைக் கவனித்திருப்பார் என்றார் இன்னொருவர். பெண்கள் பக்கத்திலிருந்து, நல்ல மனுசன், அடுத்தவன் சொல்லியும் ஆத்தாளைத் தொடாமல் இருந்தாரே என்று ஒரு குரல் வந்தது. கூட்டம் கலைந்தது. அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஒரு கல்லாவது விழுந்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்.

பேச்சி அன்றைக்கும் சோறு போட்டாள். கழுவிக் கவிழ்த்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மலையில் இரண்டாம் தடவை வளம் வீசி நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஓடை இரைச்சல் ஊருக்குள் கேட்டது. மொக்கையன் பரணில் கிடந்த பாட்டில்களில் நாலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை ஆள் இருந்தது. புதுத்தண்ணீர் பார்க்கக் கரையில் ஊரே நின்றது. கண்மாய் வாயில் அவர் வேட்டியை மடித்துக் கட்டியதும் பேச்சு நின்றுபோனது. இறங்கினார். இடுப்பளவு செந்தண்ணீர் முழங்காலை அடித்துத் தள்ளியது. பாட்டிலை முக்கினார். வெள்ளத்தின் இழுப்பில் முதல் பாட்டில் கையை விட்டுப் போய்விட்டது. இரண்டாவதை நிரப்பி மூடி ஏறினார். ஏறியவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். அது மரியாதைக்கு விட்ட வழி அல்ல.

கோட்டைச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிறுக்குப் பிடிச்சிருச்சு என்றார். தப்பு செய்த இடத்தில் ஊர் அவரைக் காப்பாற்றிவிட்டு, தப்பைத் திருத்தப் போன இடத்தில் கைவிட்டது.

மலைக்கு மேலே மற்ற மூன்று இடத்துக்குப் போக முழங்கால் விடவில்லை. ஒரே பாட்டிலோடு போடிக்குப் போய், ரயில் ஏறி, விலாசம் விசாரித்து ராஜாராமைப் பிடித்தார். அவன் நிரந்தரமாகியிருந்தான். மேசை, நாற்காலி, மேலே மின்விசிறி. பாட்டிலைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு வாங்கி அலமாரிக்குள் வைத்தான். திட்ட எண் இல்லாமல் எந்தத் தண்ணீரையும் சோதிக்கக் கூடாதாம். பார்க்கிறேன் என்றான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். அவர் சாப்பிடவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் தட்டும் செம்பும் தனியாக வைத்திருந்தது. பேச்சி உள்ளே இருந்தபடியே பேசினாள். மூன்று நாள் கழியட்டும் என்றாள். எருமை கட்டிய கொட்டகை காலியாகத்தான் கிடந்தது. அங்கே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து இன்லண்டு லெட்டர் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. நாலே வரி. பழைய வெள்ளப் பாட்டில்களில் லிட்டருக்குப் புள்ளி பூஜ்யம் ஐந்து மில்லிகிராம் இருந்தது. இதில் இரண்டு புள்ளி ஒன்று. ஆறு ஓடைகளில் எதிலும் இவ்வளவு வந்ததில்லை. இந்த எண்ணை யாரிடமும் காட்ட வேண்டாம், காட்டினாலும் செல்லாது, ஒரு பாட்டிலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. என்னை மன்னிக்கவும்.

மொக்கையன் அதை எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தார். கண்மாயில் அப்போது பச்சை கூடும் பருவம். மழைத்தண்ணீர் நிறைந்து, தெளிந்து, வெயில் விழுந்து இருபது நாள் ஆகியிருந்தது. பேச்சி இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒன்றுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

சொன்னார்.

"அது கூடவா, கொறைச்சலா?"

"கூட."

"எம்புட்டுக் கூட?"

"நாப்பது மடங்கு இருக்கும்."

பேச்சி குடத்தைக் கீழே வைத்தாள். நாற்பது என்பதை எதனோடு வைத்துப் பார்ப்பது என்று யோசிப்பதுபோல நின்றாள். அவள் பார்வை கொட்டகைப் பக்கம் போய்விட்டு வந்தது.

"நீங்க அன்னைக்கே எறங்கியிருக்கலாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. மூன்று மாதமாக ஊரில் யாரும் சொல்லாத சொல். மொக்கையன் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வெயில் ஏறினால் நாற்றம் கூடிவிடும், வெரசாப் போய்ட்டு வர்றேன் என்றாள்.

அவரும் பின்னாலேயே போனார். கண்மாய்ப் படியில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். அவரைக் கண்டதும் பேச்சைத் தணித்துக்கொண்டார்கள். பேச்சி முழங்கால் தண்ணீர் வரை இறங்கி, குடத்தின் அடியால் பச்சை ஏட்டை இரண்டு பக்கமும் தள்ளி ஒதுக்கினாள். ஏடு ஒதுங்கிய இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது. அது மறுபடி வந்து மூடுவதற்குள் முக்கி எடுத்தாள்.